பளபளப்பைப் பார்க்கப் பழகுவோம்

பெயின்ட் அடித்து முடித்த கார் கதவைப் பார்த்தால் நம் கண் நேராக நிறத்தில்தான் போய் நிற்கும். நிறத்தை விட்டுவிடுங்கள். அதில் விழுந்திருக்கும் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டை வட்டாரத்துப் பெயின்டிங் பட்டறை எதிலும் இதைச் செய்யலாம். விளக்கின் ஓரம் நேராக, கூர்மையாகத் தெரிந்தால் வேலை சுத்தம். நெளிந்து நெளிந்து தெரிந்தால் அதுதான் பெயின்டர்கள் சொல்லும் ‘ஆரஞ்ச் பீல்’. ஓரம் கூர்மையாக இருந்தும் சுற்றிலும் வெண்மூட்டம் படர்ந்திருந்தால் மெருகேற்றியதில் குறை. மூன்றுமே தூரத்திலிருந்து பார்த்தால் ‘பளபள’தான். 1937-லேயே அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஹன்டர் பளபளப்பில் ஆறு வகை உண்டு என்று பிரித்துக் காட்டிவிட்டார்.

பட்டறையில் கண் பார்க்கிற வேலையைத் தொழிற்சாலையில் பளபளப்பை அளக்கும் கிளாஸ் மீட்டர் (gloss meter) பார்க்கிறது. கைக்குள் அடங்கும் பெட்டி. செங்குத்திலிருந்து 60 டிகிரி சாய்வில் ஒளியை அனுப்பி, எதிர்ப்பக்கம் அதே சாய்வில் திரும்பி வருவதை அளக்கும். மெருகேற்றிய ஒரு கறுப்புக் கண்ணாடிக்கு 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதோடு ஒப்பிடுகிறார்கள். அந்தக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.567. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது: 100 வாங்கும் அந்தக் கண்ணாடி திருப்பி அனுப்புவது, விழுந்த ஒளியில் பத்தில் ஒரு பங்கைத்தான்! நம் கண் அதற்கே மயங்கிவிடுகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியை அளந்தால் எண் பல நூறுக்குப் போகும்.

எண் 70-க்கு மேல் போனால் 20 டிகிரியிலும், 10-க்குக் கீழே இறங்கினால் 85 டிகிரியிலும் அளப்பார்கள். இந்த 85-ஐ வீட்டிலேயே பார்த்துவிடலாம். டிஸ்டெம்பர் அடித்த மங்கலான சுவரில் கன்னத்தை ஒட்டினாற்போல் வைத்து, அதன் நீளவாக்கில் ஜன்னலை நோக்குங்கள். சுவர் மினுங்கும். சாய்வு கூடக் கூட எந்தப் பரப்பும் அதிக ஒளியைத் திருப்பும். மேடுபள்ளமும் கணக்கில் குறைந்துபோகும்.

ஆவடியில் இந்த மினுங்கல் உயிர்ப் பிரச்சினை. கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-ல் முதலில் வெளிவந்த விஜயந்தா டாங்கி தொடங்கி அர்ஜுன் வரை, போர்முனைக்குப் போகும் வண்டிக்கு மேட் பெயின்ட்தான் வேண்டும். வெயிலில் ஒரு மினுங்கல் போதும், எதிரிக்கு இடம் தெரிந்துவிடும்.

அடுத்து, மினுங்கும் புள்ளியின் நிறத்தைக் கவனியுங்கள். சிவப்புப் பிளாஸ்டிக் வாளியில் அந்தப் புள்ளி வெள்ளையாக இருக்கும். பித்தளைக் குத்துவிளக்கில் மஞ்சளாக இருக்கும். பிளாஸ்டிக்கும் பெயின்ட்டும் மேற்பரப்பிலேயே விளக்கொளியை அப்படியே திருப்பிவிடுகின்றன; அவற்றின் நிறம் உள்ளே போய் வரும் ஒளியில்தான் இருக்கிறது. பித்தளை தான் திருப்பும் ஒளிக்கே தன் நிறத்தை ஏற்றிவிடுகிறது. அம்பத்தூரில் 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸின் பழைய கறுப்புச் சைக்கிள் ஒன்று கிடைத்தால் ஃபிரேமையும் குரோம் ரிம்மையும் அடுத்தடுத்துப் பாருங்கள். கறுப்பில் வெளிச்சம் ஒரு கோடாக மட்டும் ஓடும். குரோமில் தெரு முழுக்க வளைந்து தெரியும்.

பட்டறையிலிருந்து வண்டி எடுக்கும்போது டியூப்லைட்டோடு நிறுத்திவிடாதீர்கள். வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வளையம் வளையமாக மெல்லிய கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பஃபிங் அவசரமாக நடந்திருக்கிறது. மீட்டரில் எண் நன்றாகவே வந்திருந்தாலும், இன்னொரு முறை நுண்ணிய பாலிஷ் போடச் சொல்லிக் கேட்கலாம்.