அடிமை ஓலையும் வன்றொண்டர் இசைவும்

தடுத்தாட்கொண்ட புராணத்தைக் கற்பிப்போர் பலர் சுந்தரரின் அடிமைத் திறத்தை ஓலையோடு முடித்துவிடுகின்றனர். இது பொருந்தாது. ஓலை எழுதியவர் பாட்டனார். பேரன் அதனை அறியார். அதனாலன்றோ மணக்கோலத்தில் நின்றவர் அதனைப் பறித்துக் கிழித்தார்! திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் மூல ஓலையின் எழுத்தை ஒத்துப்பார்த்து முதியவர்க்கே தீர்ப்புரைத்தபோதும், விதி இதுவாயின் இசையேன் என்றால் நடக்குமோ என்றே நம்பியாரூரர் நின்றார். அது தோற்றவன் சொல். இசைந்தவன் சொல் அன்று.

இசைவு பிறந்த இடம் திருவருட்டுறைக் கோயில். வழக்கில் வைத பித்தன் என்னும் சொல்லாலேயே தன்னைப் பாடுக என்கிறான் ஆண்டவன். வன்மை பேசியதற்குத் தண்டனை இல்லை. வன்றொண்டன் என்னும் பட்டமே கிடைக்கிறது. இங்கேதான் நம்பி தம்மைத் தாமே கொடுக்கிறார்.

கொடுத்தபின் நடப்பது இன்னும் வியப்பு. அடிமை ஏவ, ஆண்டான் நள்ளிரவில் பரவையார் மனைக்கு இருமுறை தூது நடக்கிறான். ஆயினும் இவ்வுரிமைக்கும் எல்லை உண்டு. அதற்கு முன்பே, திருவொற்றியூரில் சங்கிலியார்க்கு மகிழடியில் செய்த சூளைக் கடந்தபோது கண்ணிரண்டும் போயின. தோழமை அங்கே துணைவரவில்லை.

ஆண்டவனை ஏவுவதோ என்று கொதித்தவர் ஏயர்கோன் கலிக்காமர். தம் சூலையைச் சுந்தரர் தீர்க்க வருவதினும் சாவே மேலென வயிற்றைக் கிழித்துக்கொண்டார். நாம் கேட்க எண்ணும் கேள்வியைச் சேக்கிழார் ஓர் அடியார் வாயிலேயே வைத்துவிட்டார். வைத்தவரையும் நாயன்மார் வரிசையிலிருந்து நீக்கவில்லை.