வேற்றுமொழித் திரைப்படமும் முன்னமும்

கல்லூரி வளாகங்களில் நிகழும் வேற்றுமொழித் திரைப்பட விழாக்களைத் தமிழாய்வுக்கு உரிய பொருளாகக் கொள்வார் சிலரே. அவை காட்சித் தொடர்பியல் துறையார்க்கு உரியன என ஒதுக்கிவிடுதல் நம்மிடை வழக்கமாயிற்று. அங்ஙனம் ஒதுக்கற்பாலன அல்ல என்பது எம் துணிபு. திரையின் அடியில் ஓடும் எழுத்துரை, மாணவர் ‘சப்டைட்டில்’ என்று வழங்குவது, ஒரு மொழிபெயர்ப்பே ஆகும். மொழிபெயர்ப்பை வழிநூல் வகை நான்கனுள் ஒன்றாக வைத்து எண்ணினார் தொல்காப்பியர். அவர்வழி வந்த நாம் அதனைப் பார்க்கவும் மறுப்பது முறையன்று.

எந்த மாணவரை எண்ணி இதனை எழுதுகின்றோம் என்பதையும் கூறல் வேண்டும். சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது புதுச்சத்திரம். சிதம்பரத்தை அடுத்து இப்பெயருடைய பிறிதோர் ஊரும் உண்டு. வழிச்செல்வார் தங்கும் இடமே இரண்டற்கும் பெயராயிற்று. இப்பெருவழியின் இருமருங்கும் இன்று கல்லூரிகள் நிறைந்துள்ளன. அவற்றிற் பயில்வாருள் பலர் தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்துவந்த உழவர், நெசவாளர், சரக்குந்து ஓட்டுநர் வீட்டு மக்கள். இவர்முன் ஒரு சப்பானியப் படம் ஆங்கில எழுத்துரையோடு காட்டப்படின், அறியாத மொழி ஒன்றனை அரைகுறையாக அறிந்த மொழி வாயிலாக அவர் பெற வேண்டியவராகின்றனர்.

இந்நிலத்திற்கு உலகத் திரைப்படம் புதிதன்று. சேலத்தில் டி. ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1938இல் மலையாளத்தின் முதற் பேசும்படமாகிய ‘பாலன்’ என்பதனைத் தந்தது. 1940இல் பிரெஞ்சு நாவலாசிரியர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதையைத் தழுவி ‘உத்தம புத்திரன்’ எடுத்தது. 1952இல் அமெரிக்க நிறுவனத்தோடு கூடி ‘தி ஜங்கிள்’ என்னும் ஆங்கிலப் படத்தையும் ஆக்கியது. அதே 1952இல்தான் இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. குரோசாவாவின் ‘ராஷோமான்’, டி சிகாவின் ‘சைக்கிள் திருடர்கள்’ ஆகியன நம் நாட்டாரை எட்டியது அவ்விழாவினால். சேலத்தார் பிறர் கதையைத் தழுவித் தமதாக்கிக்கொண்டனர். விழா நடத்துவோரோ பிறர் படத்தை உள்ளவாறே காட்டுகின்றனர். பின்னது அரிய பணி. ஆயின் உள்ளவாறு காட்டுதற்கு உள்ளவாறு மொழிபெயர்த்தல் வேண்டுமன்றோ?

கன்னட நாட்டில் சாகர் வட்டத்துச் சிற்றூராகிய ஹெக்கோட்டில், கே. வி. சுப்பண்ணாவின் நீநாசம் அமைப்பினர் 1970களில் இவ்வகைப் படங்களைக் கன்னட விளக்கங்களோடு ஊராரிடம் கொண்டுசென்றனர். பாக்குத் தோட்டத்து மக்கள் ‘ராஷோமானை’ விளங்கிக்கொள்வரோ என்று ஐயுற்றோர் பலர். அவர் விளங்கிக்கொண்டனர் என்பதற்கு அவ்வியக்கம் நெடுங்காலம் நிலைத்ததே சான்று. அங்கு இடைநின்ற மொழி மக்கள் மொழி என்பதே ஈண்டு நாம் நோக்கற்பாலது.

இனிச் செய்திக்கு வருவோம். செய்யுளுறுப்பு முப்பத்து நான்கனுள் முன்னம் என்பது ஒன்று. இன்ன இடத்து, இன்னார் இன்னார்க்கு இம்மொழி கூறுதல் தகும் என்று கேட்போர் உய்த்துணருமாறு அமையும் குறிப்பு அது. பெயர் சுட்டாதவழியும், கூறுவார் யார், கேட்பார் யார், அவரிடை உள்ள உறவு யாது என்பன சொல்லின் வடிவினாலேயே புலப்படும். சப்பானியம் இவ்வகையில் தமிழுக்கு நெருங்கிய பண்புடைய மொழி. மதிப்பும் உறவும் அம்மொழியின் வினைமுடிபிலேயே அமைந்துள்ளன. ஆங்கிலத்திலோ முன்னிலைக்கு இன்று எஞ்சியிருப்பது ஒரு சொல்லே. தந்தைக்கும் மகனுக்கும் தெருவிற் செல்வானுக்கும் அதுவே. ஆகவே ஆங்கில எழுத்துரையில் முதற்கண் அழிவது முன்னமே.

ஓசுவின் ‘தோக்கியோ கதை’ (1953) இதற்குத் தக்க காட்டு. ஓனோமிச்சியில் வாழும் முதியோர் இருவர் தலைநகரில் உள்ள மக்களைக் காண வருகின்றனர். மூத்த மகன் மருத்துவன். மகள் சிகே ஒப்பனைக்கடை நடத்துபவள். இருவர்க்கும் பெற்றோரொடு இருக்கப் பொழுதில்லை. போரில் மாண்ட இரண்டாம் மகனின் மனைவி நோரிகோ ஒருத்தியே அவரை அன்போடு பேணுகின்றாள். சிகே பெற்றோரிடம் தடையின்றி உரிமையோடு பேசுகின்றாள்; நோரிகோவின் ஒவ்வொரு வினையும் மதிப்பு விகுதி பெற்று முடிகின்றது. சொல்லில் நெருங்கியவள் உள்ளத்தில் அகன்றாள். சொல்லில் விலகி நின்றவள் உள்ளத்தில் நெருங்கினாள். படத்தின் துயரம் முழுதும் இம்முரணில் இருக்கின்றது. ஆங்கில வரியில் இருவரும் ஒரே நடையில் பேசுகின்றனர். தமிழிலாயின் மகள் ‘அம்மா, நீ’ என்பாள். மருமகள் ‘அத்தை, நீங்கள்’ என்பாள். வேறு விளக்கம் வேண்டா.

முறைப்பெயரிலும் ஒரு நுட்பம் உண்டு. நோரிகோ மாமனாரைத் தந்தை என்னும் பொருள்படும் சொல்லாலேயே விளிக்கின்றாள். ஆங்கிலவழிப் பெயர்ப்போன் ‘அப்பா’ என்று எழுதிவிடுவான். அது சொல்லுக்குச் சொல் சரியெனவும் தோன்றும். ஆயின் சப்பானியர்க்கு அவ்விளி மருமக்கள் பொதுவாக வழங்குவது. தமிழ் மருமகள் வாயிலோ அது தனி அன்பின் அடையாளமாகிவிடும். இறுதியில் முதியவர், குருதித் தொடர்பில்லாத நீ எம் மக்களினும் மிகுதியாகச் செய்தாய் என்னும் கருத்துப்பட மொழிகின்றார். முன்னரே ‘அப்பா’ என்று அழைத்திருப்பின் அவ்வுரை வலியிழக்கும். ‘மாமா’ என்றே அழைத்துவந்திருப்பின் அவ்விடத்து அது நெஞ்சைத் தொடும். ஆதலின் ஈண்டுச் சொல்லை விட்டு முறையைப் பற்றுதலே நேர்மையான பெயர்ப்பு என்போம்.

அக்காட்சியிலேயே பிறிதொன்று. முதியவர் இறந்த மனைவியின் கைக்கடிகாரத்தை நோரிகோவுக்குத் தந்து மறுமணம் செய்துகொள்ளுமாறு கூறுகின்றார். அவள் தான் அத்துணை நல்லவள் அல்லள் என்று மறுத்து, தன்னை ‘சுருய்’ என்று கூறிக்கொள்கின்றாள். ஆங்கில வரிகளில் இது தன்னலம் எனப் பெயர்க்கப்படுவதுண்டு. மூலச்சொல் உணர்த்துவது தன்னலத்தினும் கள்ளத்தையே. புறத்தே நல்லவளாகத் தோன்றி அகத்தே வேறாக இருத்தல். இறந்த கணவனை நினையாத நாளும் உண்டு என்று அவள் கூறுவது இப்பொருளிலேதான். ‘நான் சுயநலக்காரி’ என்ற வரி அவளைச் சிறியளாக்கும். ‘என் மனத்தில் கள்ளம் உண்டு, மாமா’ என்பது அவள் அழுகைக்கு ஏற்ற சொல்.

அங்ஙனமாயின் முதியோரின் ஓனோமிச்சி வட்டார வழக்கைக் கொங்கு வழக்காக்கலாமோ எனின், அதற்கு எம் உடன்பாடு இல்லை. ‘ஏனுங்க’ என்று அவர் பேசின், அரங்கில் உள்ளோர் நகைப்பர். அழுகை தோன்றவேண்டிய இடத்தில் நகை தோன்றும். பொதுத் தமிழில் எளிய பேச்சும் மதிப்பு விகுதியும் முறைப்பெயரும் போதும். குரலையே மாற்றித் தமிழ்க்குரல் சேர்த்தல் இதனினும் தீது; தந்தையாக நடித்த சிசு ரியூவின் தாழ்ந்த குரலில் பாதிப் படம் உள்ளது.

திரைப்படம் கட்புலக் கலை, சொல்லுக்கு அத்துணை இடம் இல்லை என்பாரும் உளர். சைக்கிளைத் தேடி உரோம் நகர்த் தெருக்களில் தந்தையும் மகனும் அலையும் காட்சிகள்பற்றி அவர் கூற்று பெரிதும் உண்மை. ஓசுவின்பால் அது பொருந்தாது. அவர் மாந்தரோ அமர்ந்து பேசுவோர்.

இடமின்மை ஒரு தடை என்பதை மறுக்கவில்லை. எழுத்துரை இரண்டு வரிக்கு மிகலாகாது; ஓரிரு நொடியில் மறைவதும் உண்டு. தமிழ்ச் சொற்களோ நீண்டவை. எனினும் ‘வந்தான்’ என்ற ஒரு வினையிலேயே ஆண்பாலும் ஒருமையும் படர்க்கையும் காலமும் அடங்குதலின், எழுவாயை விடலாம். மதிப்பை விகுதி காட்டும்.

எனவே விழா நடத்தும் கல்லூரிகள் ஆண்டுக்கு இருபது படம் திரட்டுவதை விடுத்து, ஒரு படத்திற்கேனும் மூலமொழி அறிந்தார் ஒருவரும் தமிழ்த்துறை மாணவரும் கூடி அமர்ந்து எழுத்துரை ஆக்குதல் வேண்டும். அதற்கு வேண்டுவது காலக்குறிப்போடு கூடிய ஓர் எளிய எழுத்துக் கோப்பே. முதற்படமாக ‘தோக்கியோ கதை’யைக் கொள்ளலாம், கடிகாரக் காட்சியை இறுதியில் அன்றி முதலிலேயே பெயர்த்துப் பார்த்தல் நன்று. அங்குத் துணியும் முறைப்பெயரே முதற்காட்சி முதல் ஆளவேண்டியதாகும்.