நோராவும் ஜிஜூனும்

கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேசினால் இல்லறம் தானாகவே சீர்ப்படும் என்று உபதேசிப்போர் இன்று பெருகிவிட்டனர். அவர்கள் 1879ஆம் ஆண்டு வெளிவந்த இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தையும் தமக்குச் சான்றாகக் காட்டக்கூடும். நாம் அந்நாடகத்தை வேறுவிதமாகவே வாசிக்கின்றோம்.

நோய்வாய்ப்பட்ட கணவனை இத்தாலிக்கு அழைத்துச்சென்று உயிர்காப்பதற்காக நோரா இரகசியமாகக் கடன் பெறுகின்றாள். பத்திரத்தில் தந்தையின் கையொப்பத்தைத் தானே இடுகின்றாள். அவள் ஏன் மறைத்தாள்? கணவனின் சம்மதமின்றி மனைவி கடன் பெறமுடியாத காலம் அது. நோர்வேயில் மணமான பெண் சட்டத்தின் முன் முழு உரிமையுடையவளாக ஏற்கப்பட்டது 1888ஆம் ஆண்டிலேதான். ஆகவே அவளது மௌனத்திற்கான காரணத்தை அவள் குணத்தில் மாத்திரம் தேடுதல் பொருந்தாது. உடைக்கெனக் கிடைத்த பணத்தில் மிச்சம்பிடித்தும், இரவிலே பிரதியெழுதும் வேலை செய்தும் கடனை அடைத்துவந்த அவளை, கணவன் வானம்பாடி என்றும் அணில் என்றும் அழைத்துக் கொஞ்சுகின்றான். உண்மை வெளியானதும் சீறுகின்றான். பத்திரம் திரும்பிவந்ததும் அவனது மன்னிப்பும் உடன்வருகின்றது! எட்டாண்டு மணவாழ்வின் உட்பொருள் இவ்வொரு கணத்தில் அம்பலமாகிவிடுகின்றது.

நோரா வீட்டைவிட்டு வெளியேறுவதை அக்காலத்து நாடக உலகம் எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. ஜெர்மன் நடிகை ஒருவர் அம்முடிவை நடிக்க மறுத்தமையால், பிள்ளைகளுக்காக நோரா தங்கிவிடுவதாக மற்றொரு முடிவை இப்சன் மனமின்றி எழுதிக்கொடுக்க நேர்ந்தது.

இந்நாடகத்தில் ஆரோக்கியமான உறவு ஒன்றும் உண்டு. அது லிண்டே அம்மையாருக்கும் குரோக்ஸ்டாட்டுக்கும் இடையே அரும்புவது. முன்னொருநாள் வறுமை காரணமாக அவனைக் கைவிட்டவள் அவள். அதனை மறைக்காமற் சொல்கின்றாள். அவனும் தன் கசப்பை மறைக்கவில்லை. ஆனால் தன் உழைப்பால் உண்ணும் பெண்ணாக அவள் வந்து நிற்பதனாலேயே அந்த வெளிப்படைப் பேச்சு சாத்தியமாகின்றது. கதைப்பின்னலுக்கான உத்தி என்று மட்டும் கொண்டு இக்காட்சியைக் கடந்துவிடுவது நியாயமன்று.

நோரா சென்றபின் என்னவாகும் என்ற கேள்வியைச் சீன எழுத்தாளர் லூ சுன் 1923 டிசம்பரில் பீக்கிங்கின் பெண்கள் உயர்கலாசாலை ஒன்றில் எழுப்பினார். கையிற் பணமில்லாதவளுக்குச் சீரழிவு அல்லது வீடுதிரும்பல் என்ற இரு வழிகளே உள்ளன என்பது அவர் கருத்து. 1925ஆம் ஆண்டில் அவர் எழுதிய சிறுகதையொன்று இக்கருத்துக்கு இரத்தமும் தசையும் அளித்தது.

அக்கதையில் ஜுவான்ஷெங் தன் காதலி ஜிஜூனுக்கு இப்சனைப் பற்றியே பேசிப் புதுமை ஊட்டுகின்றான். அவள் உறவினரை எதிர்த்து அவனோடு குடியேறுகின்றாள். மோதிரத்தையும் காதணிகளையும் விற்றுப் பணம் கொடுக்கின்றாள். பின்பு அலுவலகம் அவனை நீக்கிவிடுகின்றது. வளர்த்த கோழிகள் உணவாகின்றன. நாய் ஊருக்கு வெளியே விடப்படுகின்றது. அவனோ குளிர்காய்வதற்குப் பொதுநூலகம் செல்கின்றான். அவளுக்கு அந்தப் புகலிடமுமில்லை. இறுதியில் நோராவின் துணிவை மீண்டும் எடுத்துக்காட்டிவிட்டு, இனி உன்னை நேசிக்கவில்லை என்று 'உண்மை' கூறுகின்றான். தந்தை வந்து அவளை அழைத்துச்செல்கின்றார். உப்பு, காய்ந்த மிளகாய், மா, பாதிக் கோவா, சில செப்புக்காசுகள் ஆகியவற்றை அவனுக்கென ஒன்றுசேர்த்து வைத்துவிட்டே அவள் போகின்றாள், பின்னர் இறந்துவிடுகின்றாள்.

பொய்யையே சுமந்திருக்கலாமே என்று அவன் பின்னர் புலம்புகின்றான். நமக்கு இப்புலம்பல் உடன்பாடன்று. உண்மையா பொய்யா என்பதல்ல அங்கே கேள்வி. பேசியவனுக்குப் போக்கிடம் இருந்தது, கேட்டவளுக்கு இல்லை. தன் விடுதலைக்குத் தேவைப்பட்ட சொல்லை அவள் விடுதலைக்கான சொல்லாக அவன் அலங்கரித்தான். கதை முழுவதும் அவனது குறிப்பேடாகவே அமைந்திருப்பதால் ஜிஜூன் என்ன நினைத்தாள் என்பதை நாம் அறியவும் வழியில்லை. இதனை லூ சுன்னின் குறைபாடென்று கொள்வதிலும் பார்க்க, அவ்வுறவின் குறைபாட்டை அவர் கதையின் வடிவத்திலேயே காட்டியுள்ளார் எனக் கொள்வதே தகும்.

நோராவை மேடையேற்றும் மாணவர் மன்றங்கள் இக்கதையையும் அதே மாலையில் வாசித்துக்காட்டுதல் நன்று. அப்பொழுது விவாதம் கதவு அடைபடும் ஓசையோடு நின்றுவிடாது. வீட்டு வாடகையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் மாணவர் பேசத் தொடங்குவர்.