நாமகிரித் தாயும் 75 ரூபாயும்

டிசம்பர் 22 வந்துவிட்டால் மயிலையிலும் தியாகராயர் நகரிலும் அடையாற்றிலும் பள்ளி மன்றங்கள் விழாக்கோலம் பூணுகின்றன. கணித மேதை இராமானுஜன் பிறந்தநாள்! அவருடைய 125-ஆம் பிறந்த ஆண்டையொட்டி, 2012 தேசியக் கணித ஆண்டாயிற்று. டிசம்பர் 22 தேசியக் கணித நாளாயிற்று. படத்திற்கு மாலை சூட்டுகிறார்கள், மகிழ்கிறோம். மாணவர்க்குப் பரிசு வழங்குகிறார்கள், வரவேற்கிறோம். பிறகு ஒருவர் ஒலிபெருக்கியின் முன் வந்து நிற்கிறார், கதை தொடங்குகிறது. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவிலே வந்தாளாம், நாவிலே எழுதினாளாம், பொழுது விடிந்ததும் விடை கிடைத்ததாம்! கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. கணிதத்திற்கு எடுத்த விழா, கனவுக்கு எடுத்த விழாவாய் முடிகிறது.

வெண்திரையும் இதற்குத் துணை நிற்கிறது. 2015-இல் வந்த ஆங்கிலப் படம் நம்மைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்துச் செல்கிறது. கடவுள் இல்லை என்று வெளிப்படையாகச் சொன்ன பேராசிரியர் ஹார்டியின் முன்னால், தேவியே தன் நாவில் சூத்திரங்களை வைப்பதாக இராமானுஜன் உருகுகிறார், காண்போரும் உருகுகிறார்கள். 2007-இல் பெரியாரைத் திரையில் தந்த ஞான ராஜசேகரன், 2014-இல் தமிழிலும் இராமானுஜன் வாழ்வைப் படமாக்கினார். இராபர்ட் கனிகல் 1991-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்று நூல், மேதைக்குக் கிடைத்த உதவித்தொகையின் கதையை விரிவாகவே சொல்கிறது. ஆயினும் என்ன? நூலில் இருப்பது மேடைக்கு வருவதில்லை. மேடைக்கு வருவது கனவு ஒன்றுதான்!

இராமானுஜன் நாமகிரியை நம்பினார், மறுக்கவில்லை. அந்த நம்பிக்கையைக் கேலி செய்வது நம் நோக்கமுமன்று. வயிறு காய்ந்த வேளையில் அவர் யாரிடம் என்ன கேட்டார் என்பதே நம் கேள்வி. 1913 பிப்ரவரி 27 அன்று அவர் ஹார்டிக்கு எழுதிய இரண்டாம் கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. தாம் ஏற்கெனவே அரைப்பட்டினியில் இருப்பதாகவும், மூளையைக் காத்துக்கொள்ளச் சோறு வேண்டுமென்றும், பரிவோடு ஒரு கடிதம் எழுதினால் பல்கலைக் கழகத்திடமிருந்தோ அரசிடமிருந்தோ உதவித்தொகை பெற அது பயன்படும் என்றும் அதில் எழுதினார். வரம் கேட்கவில்லை, தோழர்களே! உதவித்தொகை கேட்டார். மேதைக்குத் தெரிந்திருந்த உண்மை, மேதையைப் போற்றும் மேடைக்குத் தெரியவில்லை!

அந்த வாழ்வைச் சற்றே புரட்டிப் பாருங்கள். 1904-இல் குடந்தை அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணக்கிலேயே மூழ்கிக் கிடந்தவர் ஆங்கிலப் பாடத்தில் தோற்றார், உதவித்தொகை பறிபோயிற்று. 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினம் ஓடினார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. கணக்கிலே சிங்கம், உடலியல் பாடத்திலே தோல்வி! பிறகு ஆண்டுக்கணக்கில் வேலையில்லை, வருவாயில்லை, குறிப்பேடு ஒன்றே துணை. 1912 மார்ச்சில்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் எழுத்தர் வேலை கிடைத்தது. பதினெட்டு முதல் இருபத்தைந்து வரையிலான வயதே கணித அறிஞனின் வாழ்வில் உயிர்நாடியான காலம். அந்தக் காலத்திலேயே இராமானுஜனுக்குச் சேதம் நேர்ந்துவிட்டது என்று ஹார்டி பின்னாளில் வருந்தினார். வளைந்து கொடுக்காத கல்விமுறையே அந்தச் சேதத்தின் காரணம் என்றும் குற்றம் சாட்டினார். அந்த ஆண்டுகளில் நாமகிரி எங்கே போயிருந்தாள்? கனவில் வந்தவள் கல்லூரிச் சம்பளம் கட்ட வரவில்லையே!

சம்பளம் கட்ட வேண்டாத நாளும் வந்தது. 1913 பிப்ரவரியில், வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் இராமானுஜனுக்காகச் சென்னைப் பல்கலைக் கழகத்திற்கு எழுதினார். ஆராய்ச்சி உதவித்தொகை முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே உரியது என்பது விதி. இராமானுஜனுக்கு முதுகலையும் இல்லை, இளங்கலையும் இல்லை; எஃப்.ஏ.கூட இல்லை! ஆயினும் விதி தளர்த்தப்பட்டது. 1913 மே 1 முதல் ஈராண்டுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கப்பட்டது. எழுத்தர் வேலையில் பெற்றதைப் போல இரண்டரை மடங்கு! துறைமுகம் அவருக்கு விடுப்பு அளித்தது.

அந்தப் பணம் என்ன செய்தது? மூன்று மாதத்திற்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும் என்பது உதவித்தொகையின் நிபந்தனை. இராமானுஜன் மூன்று அறிக்கைகள் தந்தார். அவருடைய முதன்மைத் தேற்றம் என்று இன்று கணித உலகம் போற்றுவது அவற்றுள் முதல் அறிக்கையில் இருக்கிறது. 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார். கடல் கடந்தால் ஆசாரம் கெடும் என்று தடுத்த தாயாருக்குக் கனவில் நாமகிரி அனுமதி தந்தாளாம்! தரட்டும். ஆண்டுக்கு 250 பவுனும் பயணச் செலவும் தந்தது பல்கலைக் கழகம். அதிலே 50 பவுன் ஊரிலிருந்த குடும்பத்தின் அடுப்பெரிய ஒதுக்கப்பட்டது. உலை கொதிக்கும் வீட்டை விட்டுப் போனவன்தான் ஊர் கடந்தும் ஆராய முடியும் என்பதை அன்றைய அதிகாரிகள்கூட அறிந்திருந்தனர்.

இங்கேதான் மேடை மறைக்கும் இரண்டாவது உண்மை இருக்கிறது. "தகுதி, தகுதி" என்று முழங்குவோரைக் கேட்கிறோம். இராமானுஜனுக்குக் கிடைத்தது என்ன? விதிவிலக்கு! சட்டப்படி தகுதியில்லாதவருக்குத் தரப்பட்ட சலுகை! அந்தச் சலுகைதான் அவருடைய தகுதியை உலகறியச் செய்தது. சலுகை தகுதியைக் கெடுக்கும் என்று எவரேனும் சொன்னால், இராமானுஜன் படத்தைக் காட்டுங்கள். அதைவிடச் சிறந்த மறுப்பு வேறில்லை.

அவர் பார்ப்பனர் என்பதால் தந்திருக்கக் கூடாது என்கிறோமா? இல்லவே இல்லை. தந்தது நன்று; இன்னும் பத்தாண்டு முன்பே தந்திருந்தால் மிகநன்று. ஆனால் தட்டுவதற்கு அவருக்குக் கதவுகள் இருந்தன. கணிதக் கழகம் கண்ட இராமசாமி ஐயர், பேராசிரியர் சேஷு ஐயர், மாதம் 25 ரூபாய் தந்து தாங்கிய ஆட்சியர் இராமச்சந்திர ராவ், துறைமுகத்தில் நாராயண ஐயர்: ஏழையாயினும் இத்தனை பேரிடம் அவர் போய் நிற்க முடிந்தது. அதே காலத்தில் நம் இளைஞரின் நிலை என்ன? 1914-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் பதிவு பெற்ற பட்டதாரிகள் 650 பேர். அவருள் பார்ப்பனர் 452, பார்ப்பனரல்லாத இந்துக்கள் 124, ஏனையோர் 74. மக்கள் தொகையில் மிகச் சிறுபான்மையோர் மன்றத்தில் பெரும்பான்மையோர்! உழவன் வீட்டிலும் சேரியிலும் பிறந்து, குறிப்பேடு வாங்கவும் வழியின்றி மறைந்த மேதைகள் எத்தனை பேரோ! அவர்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுத எந்த வாக்கர் வந்தார்?

ஆகவேதான் தனியொருவர் கருணையை நம்பாமல், எல்லார்க்கும் உரிய உரிமையாக உதவித்தொகை வேண்டும் என்கிறோம். அந்த உரிமைக்கு இன்று என்ன கதி? 2015 அக்டோபரில், நெட் தேர்வெழுதித் தொகை பெறாத மத்தியப் பல்கலைக் கழக ஆய்வாளர்க்கான மாதம் 8,000 ரூபாயையும் நிறுத்தப் பல்கலைக் கழக மானியக் குழு முனைந்தது. தில்லித் தெருவில் மாணவர்கள் தடியடிபட்டுத்தான் அது தொடர்ந்தது. 2016 சனவரி 17 அன்று ஐதராபாத்தில் ரோகித் வெமுலா உயிர் நீத்தார். விண்மீன்களைப் பற்றி எழுத விரும்பிய அந்த ஆய்வு மாணவன், தனக்கு ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், வரவேண்டியிருக்கிறது என்று இறுதிக் கடிதத்தில் குறித்து வைத்தான். 1913-இல் கும்பகோணத்து இளைஞர் அரைப்பட்டினி என்று எழுதினார், பதில் வந்தது. நூறாண்டுக்குப் பின் இந்த இளைஞனுக்கு இரங்கற்பாதான் வந்தது! 2022 டிசம்பரிலோ, சிறுபான்மை மாணவர்க்கான மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையே நிறுத்தப்படுவதாக நாடாளுமன்றத்தில் அறிவித்தனர்.

2023 முதல் இளநிலை ஆய்வாளர்க்கு மாதம் 37,000 ரூபாய் என உயர்த்தியிருக்கிறார்களே என்பர். உயர்வை வரவேற்கிறோம். ஆனால் அந்த வாயிலில் நுழைவோர் சிலர். வெளியே நிற்போர் பலர். நுழைந்தவர்க்கும் மாதந்தோறும் வந்தால்தான் அது உதவித்தொகை. ஆறுமாதம் கழித்து வந்தால் அது கடனடைக்கும் தொகை.

இளைஞர்களே, அடுத்த கணித நாளில் உங்களூர் விழாவுக்குச் செல்லுங்கள். கனவுக் கதையைக் கேளுங்கள், அமைதியாகவே கேளுங்கள். பேச்சு முடிந்ததும் எழுந்து நின்று வினவுங்கள்: "ஐயா, 75 ரூபாயின் கதையை எப்போது சொல்வீர்கள்? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது எந்தத் தேதியில் வரும்?" மேடை விடை சொல்லட்டும்!