வானத்துச் சண்டைப் படங்களும் குவாந்தான் கடலும்



பண்டமாரானில் என்னிடம் படிக்கும் நான்காம் படிவ மாணவன் ஒருவன் பயிற்சித் தாளில் இப்படி எழுதியிருந்தான்: “1941 டிசம்பர் 10-இல் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த ஸீரோ விமானங்கள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் ஆகிய கப்பல்களை மூழ்கடித்தன.” தேதி சரி, கப்பல் பெயர்கள் சரி. மற்றதெல்லாம் தப்பு. “எங்கேப்பா படிச்ச?” என்று கேட்டேன். “படிக்கல சார், படத்துல பார்த்தேன்” என்றான். அவன் பார்த்தது ஹாலிவுட்டின் ‘பேர்ல் ஹார்பர்’ (2001). ஹவாயில் நடந்ததைக் குவாந்தானுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்த இரண்டு சம்பவங்களையும் ஒரே படத்தில் சேர்த்துக் கட்டும் வேலையை 1942-லேயே ஜப்பான் செய்துவிட்டது. அந்தப் படத்தின் பெயரே ‘ஹவாய் மலாய் கடற்போர்’. கஜிரோ யமாமோட்டோ இயக்கி, தோஹோ நிறுவனம் எடுத்தது. போர் தொடங்கி ஓராண்டு நிறைவதைக் கொண்டாடக் கடற்படையின் ஆதரவோடு 1942 டிசம்பரில் வெளியானது. விமானச் சண்டைப் படங்களில் இதை ஒரு ‘கிளாசிக்’ என்றே சொல்கிறார்கள். காரணம் எய்ஜி ட்சுபுராயா. பின்னாளில் ‘காட்ஜில்லா’வுக்குத் தந்திரக் காட்சி அமைத்தவர் இவர்தான். துறைமுகத்தையும் கப்பல்களையும் சிறு மாதிரிகளாகச் செய்து, தண்ணீர்த் தொட்டியில் குண்டு வெடிக்க வைத்தார். இன்றைக்குப் பார்த்தாலும் அந்தக் காட்சிகள் அசர வைக்கின்றன.

ஆனால் படத்தின் பெரும்பகுதி சண்டை இல்லை, பாருங்க. கிராமத்துப் பையன் ஒருவன் கடற்படை விமானப் பள்ளியில் சேர்ந்து, உடம்பு நோக ஓடி, மல்யுத்தம் பழகி, ‘நான்’ என்பதையே மறந்து வீரனாவதுதான் முக்கால்வாசிக் கதை. சண்டை, அந்தப் பயிற்சிக்குக் கிடைத்த பரிசு மாதிரி கடைசியில்தான் வருகிறது. இதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். படம் சொல்லவந்த செய்தி “எப்படி ஜெயித்தோம்” என்பது இல்லை, “நீயும் வந்து சேர்” என்பதுதான்.

இனி நம் கடலில் நடந்ததைப் பார்ப்போம். குவாந்தானுக்கு அப்பால் அந்தக் கப்பல்களைத் தாக்கியவை ஸீரோக்கள் அல்ல. இந்தோசீனாவில், சைகோன் பக்கத்துத் தரைத்தளங்களிலிருந்து வந்த இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள். 80-க்கும் மேற்பட்டவை வந்தன. துணைக்கு ஒரு சண்டை விமானமும் வரவில்லை. அவ்வளவு தூரம் வரத் தேவையும் இல்லை, ஏனென்றால் கப்பல்களுக்கு மேலே காவல் விமானமே கிடையாது. நண்பகல் தாண்டி ரிபல்ஸ் போனது. ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் போனது. 840 பேர் இறந்தார்கள். தாக்கியவர்கள் அன்று இழந்தது 3 விமானங்கள்.

காவல் விமானம் ஏன் இல்லை? இதுதான் தேர்வில் ‘ஏன்’ என்று கேட்டால் எழுத வேண்டிய இடம். அட்மிரல் டாம் பிலிப்ஸ் வானொலி மௌனத்தைக் கலைக்கவில்லை. கடைசியில் உதவி கேட்டுச் செய்தி அனுப்பியவர் ரிபல்ஸின் கேப்டன் டென்னன்ட். சிங்கப்பூர் செம்பவாங்கில் இந்த வேலைக்கென்றே 453-ஆவது ஆஸ்திரேலியப் பிரிவு புரூஸ்டர் பஃபலோ விமானங்களோடு காத்திருந்தது. அவை வந்து சேர்ந்தபோது, தண்ணீரில் தத்தளிக்கும் மனிதர்களைத்தான் மேலிருந்து பார்க்க முடிந்தது. இதைவிட உருக்கமான காட்சி எந்த விமானப் படத்துக்கு வேண்டும்? ஆனால் ஜெயித்தவன் எடுத்த படத்தில் இதற்கு இடமில்லை. தோற்றவனோ இதைப் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. அவன் ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ (1969) எடுத்துக்கொண்டான்.

அந்தப் படத்தையும் பார்க்கத்தான் வேண்டும். உண்மையான ஸ்பிட்ஃபயர்கள் பறக்கின்றன. ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட்டாக வருபவை ஸ்பெயினில் கட்டிய விமானங்கள். அவற்றில் ஓடியது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சின், அதாவது ஸ்பிட்ஃபயரின் அதே குடும்பம்! ‘டோரா! டோரா! டோரா!’வில் (1970) ஜப்பானிய விமானங்களாக வருபவை அமெரிக்கப் பயிற்சி விமானங்களுக்கு வேஷம் போட்டவை. ஆனாலும் சம்பவங்களை வரிசைப்படுத்தி, இரு தரப்பு வாயிலாகவும் சொல்வதில் அது நேர்மையான படம். என் கணக்கில், வேஷம் போட்ட விமானத்தை மன்னிக்கலாம். வேஷம் போட்ட காரணத்தை மன்னிக்கக் கூடாது.

தமிழில் உதாரணம் வேண்டுமா? மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ (2017). 1999 கார்கில் போரில் பிடிபட்ட விமானி ராவல்பிண்டிச் சிறையிலிருந்து தப்புகிறான். கார்கிலில் உண்மையில் பிடிபட்ட விமானி நச்சிகேதா ஏறக்குறைய ஒரு வாரத்தில் விடுவிக்கப்பட்டார். ராவல்பிண்டி முகாமிலிருந்து மூன்று இந்திய விமானிகள் தப்பியது 1972-இல், முந்தைய போருக்குப் பிறகு. அவர்களும் ஆப்கன் எல்லையை நெருங்கி மறுபடி மாட்டிக்கொண்டார்கள். கற்பனைக் கதைக்கு அந்த உரிமை உண்டு. விடைத்தாளுக்கு இல்லை.

நம் ஊர் வானத்துக்கு வருவோம். போர் தொடங்கியபோது மலாயாவில் ஒரு ஸ்பிட்ஃபயர்கூட இல்லை. 336 விமானங்கள் வேண்டும் என்று லண்டன் ஒப்புக்கொண்டிருந்தது. முன்னணியில் இருந்தவை 158. டிசம்பர் 22-இல் கோலாலம்பூர் வானிலேயே பஃபலோக்கள் சண்டை போட்டன. எதிரே வந்தது கட்டோவின் 64-ஆவது படைப்பிரிவு; அவர்கள் ஓட்டியதும் ஸீரோ இல்லை, தரைப்படையின் ஹயபுசா. நேச நாட்டு விமானிகள் பலரே அதை ஸீரோ என்று நினைத்திருக்கிறார்கள், அதனால் என் மாணவனுக்கு அரை மன்னிப்பு. அந்தக் கட்டோவைப் பற்றியும் 1944-இல் அதே யமாமோட்டோ படம் எடுத்தார். அதில் பறப்பவை நிஜ ஹயபுசாக்கள். விமானம் நிஜம், கதை பிரசாரம். ‘டோரா’வுக்கு நேர் எதிர்.

இந்தப் படங்கள் எதிலும் கீழே இருந்தவர்கள் இல்லை. பேர்ல் ஹார்பருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே கோத்தா பாரு கடற்கரையில் சுடத் தொடங்கியவர்கள் டோக்ரா பிரிவின் இந்தியச் சிப்பாய்கள். (ஹவாயில் டிசம்பர் 7, நமக்கு 8. தேதிக்கோட்டால் வரும் இந்தக் குழப்பத்துக்கும் மதிப்பெண் போகும், கவனம்.) விமானச் சத்தம் கேட்டு ரப்பர் மரத்தடியில் பதுங்கிய தோட்டத்துச் சனங்கள், பிறகு சயாம் ரயில் பாதைக்குப் போனவர்கள், இவர்கள் பக்கம் கேமரா திரும்பவே இல்லை.

வகுப்பில் காட்ட நினைக்கும் ஆசிரியர்களுக்கு: முழுப் படமும் வேண்டாம், 1942 படத்தின் கடைசி இருபது நிமிடம் போதும். நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். இந்த விமானம் எங்கிருந்து கிளம்பியது? எத்தனை எஞ்சின்? இதை யார் காசில், யாருக்காக எடுத்தார்கள்? மூன்றாவது கேள்விக்கு என் வகுப்பில் முதலில் கை தூக்கியவன், ஸீரோ என்று எழுதிய அதே பையன்தான்.