காற்றைக் குறைத்துப் புரதம் வாங்கலாமா?

புதுச்சேரியில் 1975-இல் தொடங்கப்பட்ட நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், பேசில்லஸ் துரிஞ்ஜியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் பாக்டீரியத்தின் பி-17 வகையிலிருந்து கொசுப்புழுக்கொல்லி உருவாக்கி, அந்தத் தொழில்நுட்பத்தை நிறுவனங்களுக்கு வழங்கியது. புழுவைக் கொல்வது பாக்டீரியம் தானாகவே உண்டாக்கும் புரதப் படிகம்; அயல் மரபணு எதுவும் அதில் இல்லை. ஆனால் சாக்கடையில் தெளிக்கிற பொருள் எவ்வளவு மலிவாக இருந்தாக வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. இத்தகைய மலிவுப் புரதங்களை ஈ.கோலை என்ற பாக்டீரியத்தில் மரபணு புகுத்தித் தயாரிக்க முனைவோருக்கு, உற்பத்தியைத் தூண்டப் போடும் ஐபிடிஜி என்ற வேதிப்பொருளின் விலையே பெரிய தடை. அதற்குப் பதிலாகப் போடக்கூடிய லாக்டோஸ் மலிவுதான், ஆனால் குளுக்கோஸ் மிச்சமிருக்கும்வரை ஈ.கோலை அதைப் பெரிதாகத் தொடாது. ஆக்சிஜன் அளவையே தூண்டலாக்கினால், அதுவோ காசில்லாமல் கிடைக்கிறது, பொருளில் எச்சமும் விடுவதில்லை. மும்பை ஐ.ஐ.டி.யில் படித்த சைத்தன் கோஸ்லாவும் ஜேம்ஸ் பெய்லியும் 1988-இல் கால்டெக்கில் விட்ரியோசில்லா பாக்டீரியத்தின் ஹீமோகுளோபின் மரபணுவை ஈ.கோலையில் புகுத்தினார்கள். அந்த மரபணுவை இயக்கும் புரோமோட்டர் என்ற பகுதி ஆக்சிஜன் குறையும்போது விழித்துக்கொள்கிறது. அதையே பிற புரதங்களுக்கும் விசையாக்கலாம் என்று 1990-இல் காட்டினார்கள்.

யோசனை அழகானது. ஆனால் விசையாகப் பயன்படும் ஆக்சிஜன்தான் செல்லின் மூச்சும். அதைக் குறைத்தால் ஈ.கோலை நொதித்தலுக்கு மாறி அசிட்டேட்டையும் ஃபார்மேட்டையும் வெளியே தள்ளுகிறது. புரதம் கட்டத் தேவையான ஆற்றல் சுருங்குகிறது. உணர்கருவியும் கணினியும் அளவைச் சரியாகப் பிடித்து வைக்காதா என்று கேட்கலாம். கண்ணாடிக் கலத்தில் வைக்கும். பெரிய தொட்டியில் வைக்காது. 37 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் கரைவது சுமார் 7 மில்லிகிராம் ஆக்சிஜன். அடர்ந்து வளர்ந்த செல்கள் அதைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். பல ஆயிரம் லிட்டர் தொட்டி முழுதும் கலக்கவோ பல பத்து நொடிகள் ஆகும். உணர்கருவி தான் நிற்கும் இடத்தை மட்டுமே அறியும். காற்று நுழையும் இடத்தில் விசை அணைந்திருக்கும்போதே மேற்பரப்பின் அருகே அது போடப்பட்டிருக்கும். மலிவான தூண்டல் மிகவும் தேவைப்படும் மலிவுப் பொருளுக்குத்தான் மிகப்பெரிய தொட்டியும் வேண்டும். இந்த முறை தடுமாறுவதும் அங்கேதான்.

தொட்டி முழுவதையும் ஆக்சிஜனற்றதாக்கினால் ஏற்றத்தாழ்வு இருக்காதே என்ற வாதத்தில் உண்மை உண்டு. செல் பெருக்கம் முடிந்த கடைசிக் கட்டத்தில், செல்லுக்கே நஞ்சாகும் புரதத்தை அதுவரை அடக்கி வைத்திருக்க, அந்த வழியை நான் ஏற்பேன். மற்றபடி, காற்று நிறைந்த கலம் ஒன்றையும் காற்றில்லாத கலம் ஒன்றையும் இணைத்து, செல்களை அவற்றுக்கிடையே சுழலவிட்டு விளைச்சலைப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்குப் பணம் போட வேண்டும்.