க/பெ

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றிய எழுத்தில் தனியாக ஒரு வகை உண்டு. சேசிஸ் எண், எஞ்சின் எண், முதலில் வாங்கியவர் யார், அவர் யாருக்கு விற்றார், எந்த ஷெட்டில் எத்தனை வருடம் தூசி படிந்து கிடந்தது, யார் கண்டெடுத்து எந்தப் பாகத்தை மாற்றினார் என்று அது வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். குலவரலாறு எழுதுவது போன்ற காரியம் அது. இடையில் ஒரு கண்ணி விட்டுப்போனால் ஏலத்தில் விலை இறங்கும் என்பதால் எழுதுகிறவர்கள் மிகக் கவனமாகத்தான் எழுதுகிறார்கள். அவ்வளவு கவனத்திலும் பெண்கள் எங்கே, எப்படி வருகிறார்கள் என்பதே என் கேள்வி.

உலகில் அதிகம் எழுதப்பட்ட ஒரு காரையே எடுத்துக்கொள்வோம். 2012 ஜூனில் இங்கிலாந்தின் குட்வுட்டில் நடந்த ஏலத்தில் சிவப்பு நிற ஒற்றை இருக்கை பென்ட்லி ஒன்று 50,42,000 பவுண்டுக்குப் போனது. அதற்கு முன் அது புகழ்பெற்ற கடிகாரக் கலைஞர் ஜார்ஜ் டேனியல்ஸிடம் இருந்தது. ‘பிர்கின் ப்ளோவர்’ என்றால் கார்ப் பித்தர்கள் எல்லோருக்கும் தெரியும். பிர்கின் என்பவர் சர் ஹென்றி ‘டிம்’ பிர்கின், பந்தய வீரர். 1932 மார்ச்சில் புரூக்லாண்ட்ஸ் ஓடுதளத்தில் இந்தக் காரில் மணிக்கு 137.96 மைல் வேகத்தில் சுற்றி வந்து சாதனை படைத்தவர். கழுத்தில் புள்ளி போட்ட துணி கட்டிக்கொண்டு அவர் அமர்ந்திருக்கும் படங்கள் எங்கும் கிடைக்கும்.

சாதனை படைத்த நாளில் இந்தக் கார் அவருடையது அல்ல. டோரதி பேஜெட் என்ற பெண்ணுடையது.

எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜரைப் பொருத்துவது நிறுவனர் டபிள்யூ. ஓ. பென்ட்லிக்குப் பிடிக்கவில்லை. வேகம் வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்கு என்பது அவர் கட்சி. பிர்கின் கேட்கவில்லை. ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் வடிவமைத்த சூப்பர்சார்ஜரைப் பொருத்தி, வெல்வின் என்ற ஊரில் தனிப் பட்டறை போட்டு, தன் பணத்தைக் கரைத்தார். பணம் தீர்ந்தபோது கைகொடுத்தவர் பேஜெட். லெ மான் பந்தயத்தில் கலந்துகொள்ள வேண்டுமானால் அதே வகையில் 50 கார்கள் செய்தாக வேண்டும் என்பது விதி, அவையும் செய்யப்பட்டன. 1930 லெ மானில் ப்ளோவர் கார்கள் பேஜெட் பெயரில்தான் இறங்கின. இறங்கியவை பழுதாகி நின்றன, வென்றது டபிள்யூ. ஓ. சொன்ன பெரிய எஞ்சின்தான். அந்த ஆண்டு அக்டோபரில் பேஜெட் அணிக்குப் பணம் தருவதை நிறுத்தினார். ஒற்றை இருக்கைக் காரை மட்டும் வைத்துக்கொண்டார். அதில்தான் பிர்கின் சாதனை படைத்தார்.

இந்த விவரங்கள் ஒன்றும் ரகசியமல்ல. எல்லா வரலாறுகளிலும் இருக்கின்றன. ஆனால் எந்தத் தொனியில்? ‘பணக்கார வாரிசு’, ‘விசித்திரமானவர்’, இரவில் விழித்துப் பகலில் தூங்குவார், பெருந்தொகைகளைப் பந்தயம் கட்டுவார், உடல் பருமன் இவ்வளவு, ஆண்கள் பக்கத்தில் வந்தாலே பிடிக்காது. உரிமை வரலாற்றில் வேறெந்த உரிமையாளரின் எடையையும் நான் படித்ததில்லை. தன் சொத்தையெல்லாம் ஒரு எஞ்சினில் கரைத்த பிர்கினுக்குத் துணிச்சல்காரர் என்று பெயர்; அதே எஞ்சினில் பணம் போட்ட பேஜெட்டுக்குக் கிறுக்கு என்று பெயர். இவர் பின்னாளில் குதிரைகளிடம் போனதையும் அந்தக் கிறுக்கின் தொடர்ச்சியாகவே எழுதுவார்கள். அவருடைய ‘கோல்டன் மில்லர்’ 1932 முதல் 1936 வரை ஐந்து முறை செல்டனாம் கோல்ட் கப்பை வென்ற குதிரை. 1934-இல் கிராண்ட் நேஷனலையும் அதே ஆண்டில் சேர்த்து வென்றது. இப்படி ஒரு கண் உள்ளவர் பென்ட்லியிலும் எதையோ கண்டுதான் பணம் போட்டிருப்பார் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பணத்தின் கதையை இன்னும் கொஞ்சம் பின்னோக்கித் தள்ளலாம். பேஜெட்டின் செல்வம் அமெரிக்க விட்னி குடும்பத்தில் பிறந்த அம்மா வழி வந்தது. பிர்கினின் குடும்பச் சொத்து நாட்டிங்காம் லேஸ் தொழிலில் சேர்ந்தது. இயந்திரத்தில் இருந்து வரும் லேஸின் நூல்களை உருவி, ஓரம் வெட்டி, மடித்து முடிக்கும் வேலையை அந்த ஊரில் பெரும்பாலும் பெண்கள் செய்தார்கள். பலர் வீட்டிலேயே, சொற்பக் கூலிக்கு. காரின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பூர்வீகம் தேடுகிற எழுத்து இதுவரை வருவதில்லை.

பெண்கள் ஓட்டவே இல்லையா என்றால், ஓட்டினார்கள். 1935 லெ மானில் ஜார்ஜ் ஐஸ்டன் நிர்வகித்த மூன்று எம்.ஜி. கார்களை ஆறு பெண்கள் ஓட்டினார்கள். மூன்றும் 24 மணி நேரத்தையும் முழுதாக ஓடி முடித்தன. அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘நடன மகள்கள்’. இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் பக்கம் வருவோம். டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் கூடப்பிறந்தது நம்மிடமே இருந்தது. வண்டலூரில் 1961 முதல் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இத்தாலியின் மிக்கேலோட்டி வரைந்த உருவம். அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் வந்த ஸ்பிட்ஃபயரும் அவர் வரைந்ததே. ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி அதன்மேல் கட்டியது. இரண்டிலும் தனிச் சேசிஸ்மேல் உடலைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். மட்கார்டோடு சேர்ந்து பானட் முழுதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். இப்போது ஒரு ஹெரால்டைப் புதுப்பிக்கிறவர் சேசிஸின் துருவை வெட்டி, டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் அலைவார். வளைவில் பின்சக்கரம் உள்மடங்கும் பழைய ஆக்சில் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். (1972-இல் அடுத்து வந்த கெசலில் அதை மாற்றிவிட்டார்கள்.) பேச்சின் முடிவில் அது ‘அப்பாவோட கார்’ ஆகிவிடும். அம்மா பின்சீட்டில் இருந்திருப்பார், மடியில் ஒரு பிள்ளையோடு.

மத்திய அரசு 2021 ஜூலையில் பழங்கால வண்டிகளுக்கென்று தனிப் பதிவு விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. கட்டணம் 20,000 ரூபாய். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே இங்கே பதிவான வண்டிக்குப் பழைய ஆர்.சி.யும் வேண்டும். அந்த விண்ணப்பப் படிவத்தில்தான் உரிமையாளர் பெயரோடு ‘மகன்/மனைவி/மகள்’ என்ற வரி இருக்கிறது. தமிழில் நாம் அதைத் த/பெ, க/பெ என்று எழுதுகிறோம். ஆணுக்குச் சாகும்வரை த/பெ. பெண்ணுக்குக் கல்யாணத்தன்று அது க/பெ ஆகிறது. ஒரே பெண் ஒரு தாளில் தகப்பனின் மகளாகவும் இன்னொரு தாளில் புருஷனின் மனைவியாகவும் வந்தால், வண்டியின் வரலாறு எழுதுகிறவருக்கு அவர் இரண்டு ஆள். சேசிஸ் எண் மட்டும் மாறாது. பழைய வண்டி விற்கும் தரகர்கள் ‘சிங்கிள் ஓனர், லேடி ஓட்டுன வண்டி’ என்பார்கள். அதிகம் ஓடாத வண்டி, அடிபடாத வண்டி என்று பொருள். பெண் அங்கே உரிமையாளர் இல்லை. வண்டியின் கற்புக்கு அத்தாட்சி.

தலைகீழாகவும் நடக்கிறது. 2018-இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தபோது பாதி விலை அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் கிடைத்தது. விண்ணப்பிக்க அவளிடம் ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டியிருந்தது. எங்கள் கள்ளக்குறிச்சியில் அப்படி வந்த ஸ்கூட்டிகளில் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனியாகப் போய்வருகிற பெண்களைப் பார்க்கிறேன்; அது சின்ன விஷயமல்ல. ஆர்.சி.யில் அவள் பெயர், ஹேண்டில்பாரில் தம்பியின் கை என்பதையும் பார்க்கிறேன். பேஜெட்டிடம் காரும் பணமும் இருந்தன, பெயர் ஆணுக்குப் போனது. இவளிடம் பெயர் மட்டும் தங்குகிறது.

ஊருக்கு மேற்கே கல்வராயன் மலை. மூன்று ஜாகிர்தார்களிடம் இருந்த மலை அது. 1976-இல்தான் அந்த உரிமை முடிவுக்கு வந்தது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் செத்த பிறகு சென்னை உயர் நீதிமன்றம் மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அங்கே பேசப்பட்டது சாலையும் பேருந்தும். வண்டி ஏறாத ஊர்களில் பிரசவ வலி கண்டவளை டோலி கட்டித்தான் தூக்கி வர வேண்டும். டோலிக்கு ஆர்.சி. கிடையாது. மூங்கிலை வெட்டியது யார், தோள் மாற்றியது எங்கே, எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதிவைக்க ஒரு எழுத்து வகையும் கிடையாது. ஒரு வண்டி மூன்று முறை நிறம் மாறிய தேதிகளை எழுதத் தெரிந்தவர்களுக்கு இதை எழுதும் திறமை இல்லாமலில்லை.

பென்ட்லி நிறுவனம் 2019-இல் தன்னிடமுள்ள ப்ளோவர் அணிக்கார் ஒன்றைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் கணினியில் அளந்து, அச்சு அசலாக 12 புதிய கார்கள் செய்வதாக அறிவித்தது; செய்தும் விட்டது. இப்போது அந்தப் பன்னிரண்டுக்கும் உரிமை வரலாறு முதல் வரியிலிருந்து தொடங்குகிறது. எட்டணா லாபமில்லாத வேலைதான், இருந்தாலும் அந்த முதல் வரியில் யார் யார் பெயர், எந்த முன்னொட்டோடு எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.